பாலாலயம் ஆனபிறகு கருவறையில் இருப்பது சாமியா, கல்லா?

தெற்குவெளிவீதி (இழையைத் தொடங்கியவர்)

திருப்பணி நடக்கும் கோயில்களில் ஒரு பலகை தொங்கும்: 'பாலாலயம் நடைபெற்றுள்ளதால் மூலவர் தரிசனம் இல்லை.' மூலவரின் சக்தியைக் குடத்து நீருக்கு மாற்றி, அங்கிருந்து அத்திப்பலகையில் எழுதிய உருவத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்பது விளக்கம். நேற்றுவரை கிட்டே விடாத சிலையைச் சுற்றி இன்று ஆட்கள் உட்கார்ந்து பீடத்தைச் சுரண்டுகிறார்கள்.

இங்கிருந்து கிளப்பி அங்கே உட்கார வைக்க முடிகிற ஒன்று எப்படி எங்கும் நிறைந்ததாக இருக்கும்? எங்கும் நிறைந்தது என்றால் இடம் மாற்ற அதில் என்ன இருக்கிறது? மாற்றியபிறகு அந்தக் கல்லில் மிச்சம் என்ன?

'எல்லாம் நம்பிக்கைதான்' என்று ஒரு வரியில் முடிப்பவர்கள் தயவுசெய்து கடந்து போகவும். என்ன செய்கிறார்கள், எதற்குச் செய்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் வரிசையாகச் சொன்னால் அதை வைத்துப் பேசலாம்.

ஆகமவாசகன்

முதலில் ஒன்று. எல்லாப் பாலாலயமும் ஒன்றல்ல. கோபுரத்திலோ விமானத்திலோ மட்டும் வேலை என்றால் அதற்கு மட்டும் செய்வார்கள். மூலவர் தரிசனம் வழக்கம்போல நடக்கும். கருவறைக்குள்ளேயே வேலை, சிலையைப் பீடத்தோடு ஒட்டும் மருந்து சாத்த வேண்டும், பீடம் ஆடுகிறது என்றால்தான் மூலவருக்கும் சேர்த்து. நீங்கள் கேட்பது இரண்டாவது வகை.

கும்பம் எப்படித் தயாராகிறது என்று பார்த்தாலே பாதிக் கேள்வி தெளியும். குடத்தைத் தட்டிப் பார்த்து, நீர் ஊற்றிக் கசிவு இல்லை என்று உறுதி செய்துகொள்வார்கள். மேலே நூல் சுற்றுவது தனிக் கைவேலை. இழைகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடிக் கட்டம் கட்டமாக விழ வேண்டும். ஒரு பக்கம் நெருங்கி மறு பக்கம் விரிந்தால் பிரித்துவிட்டு மறுபடி சுற்றச் சொல்லிவிடுவார்கள். பிறகு உள்ளே நீர், வாசனைப் பொடி, பொன்னோ மணியோ. வாயில் மாவிலை, மேலே தேங்காய், தர்ப்பைக் கூர்ச்சம், சுற்றி வஸ்திரம். இதில் ஒவ்வொன்றும் உடம்பின் ஓர் அங்கம்: குடம் உடல், நூல் நாடிகள், நீர் குருதி, வஸ்திரம் தோல், தேங்காய் தலை, மாவிலை சடை. அதாவது பூசை தொடங்கும் முன்பே குடத்தை ஓர் உடம்பாகக் கட்டி முடித்துவிடுகிறார்கள். சிலை ஓர் உடம்பு, குடம் இன்னோர் உடம்பு. நடப்பது இந்த இரண்டுக்கும் இடையே.

சிலையிலிருந்து கும்பத்துக்கு மாற்றுவதைக் கலாகர்ஷணம் என்பார்கள். கூர்ச்சம் என்ற தர்ப்பை முடிச்சால் தொட்டு, அங்கம் அங்கமாக மந்திரம் சொல்லி நியாசம் செய்வார்கள். இழுக்கப்படுவது கலைகள், அதாவது சக்தியின் கூறுகள்: நிவிர்த்தி, பிரதிட்டை, வித்தை, சாந்தி, சாந்தியதீதம் என ஐந்து. பிறகு கும்பத்திலிருந்து அத்திப்பலகைக்கு. அதன்பின் தினப்பூசை, நைவேத்தியம், அர்ச்சனை எல்லாம் பலகைக்குத்தான்.

திரும்பி வருவது கும்பாபிஷேகத்தின்போது. புற்றிலோ ஆற்றங்கரையிலோ மண் எடுத்து முளைப்பாலிகையில் நவதானியம் விதைப்பது, சூரியகாந்தக் கண்ணாடியிலோ அரணிக் கட்டையிலோ தீ எடுப்பது, யாகசாலையில் நாலு காலமோ ஆறு காலமோ பூசை. கடைசியில் நாடி சந்தானம். யாககுண்டத்திலிருந்து மூலவர் வரைக்கும் தர்ப்பைக் கயிறும் பட்டு நூலும் இழுத்துக் கட்டுவார்கள். சில கோயில்களில் வெள்ளிக் கம்பி. ஸ்பர்சாகுதி முடிந்து, நிறைவு ஆகுதியான பூர்ணாகுதி முடிந்து, கும்பங்களைத் தூக்கிக்கொண்டு கடம் புறப்பாடு. விமானக் கலசத்திலும் மூலவர் மேலும் ஒரே நேரத்தில் நீர் விழ வேண்டும். அதற்காகத்தான் மேலேயிருந்து பச்சைக் கொடி காட்டுவது. பிறகு 48 நாள் மண்டலாபிஷேகம்.

இடையில் கெடுவது பெரும்பாலும் சின்ன விஷயம். பல காலப் பூசைக்குள் கும்பத்து நீர் வற்றும், குண்டத்துச் சூட்டில் தேங்காய் வெடிக்கும். அதனால்தான் கும்பம் இருக்கும் வேதிகைக்கும் குண்டத்துக்கும் இடைவெளி விட்டுப் பந்தல் போடுவது. இடம் பற்றாத கோயிலில் நெருக்கிப் போட்டு அவதிப்படுவார்கள்.

மேலூர்_மாறன்

> இழுக்கப்படுவது கலைகள்

ஐயா, விவரமாகச் சொன்னதற்கு நன்றி. என் சிக்கல் அங்கேயே இருக்கிறது. கலாகர்ஷணத்துக்கு ஒரு நிமிடம் முன்னும் ஒரு நிமிடம் பின்னும் அந்தக் கல்லை எடை போடுங்கள், சூடு பாருங்கள், தட்டி ஓசை கேளுங்கள். ஒரு மாற்றமும் இருக்காது. மாறுவது ஒன்றே ஒன்றுதான்: சுற்றி நிற்பவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பது. நேற்று விழுந்து கும்பிட்டவர் இன்று பக்கத்தில் உட்கார்ந்து சுரண்டுகிறார். அப்படியானால் 'சாமி இருக்கிறார்' என்ற வாக்கியம் கல்லைப் பற்றியதே அல்ல, நம்மைப் பற்றியது. கடவுள் உண்டு என்பதற்கு இது சான்று ஆகாது. இல்லை என்பதற்கும் ஆகாதுதான். ஆனால் 'சிலையில் சக்தி ஏறுகிறது' என்று பௌதிகம் போலப் பேசுவதையாவது நிறுத்தலாம் அல்லவா?

கரண்டும் பல்பும் என்று யாராவது ஆரம்பிப்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: கரண்டை மீட்டர் வைத்து அளக்கலாம்.

உளிச்சத்தம்

மாறன் சொல்வதில் பாதி சரி. கல் வேலைக்காரர்களும் அதை வேறு மாதிரி ஒத்துக்கொள்வார்கள். சிலை உளியின் கீழே இருக்கும்வரை அது கல்தான். காலை ஊன்றி ஏறி உட்கார்ந்துதான் வேலை செய்வார்கள். கல் தேர்வும் அப்படியே. தட்டினால் மணி மாதிரி ஒலித்தால் ஆண் கல், தாளம் மாதிரி ஒலித்தால் பெண் கல், மொத்தென்று கேட்டால் பீடத்துக்கோ தளத்துக்கோ போகும். சாமிக்கு ஆண் கல், அம்மனுக்குப் பெண் கல்.

சிலை முடிந்ததும் ஜலாதிவாசம், நீரில் கிடத்துவது. பக்திக் காரணம் ஆயிரம் இருக்கட்டும். தொட்டியிலிருந்து எடுத்துத் துடைத்துக் காயவிடும்போது, மற்ற இடமெல்லாம் காய்ந்தபிறகும் மயிரிழை மாதிரி ஒரு ஈரக்கோடு தங்கினால் அங்கே கீறல் இருக்கிறது. அந்தச் சிலை போகாது. பிறகு தானியத்தில் கிடத்துவது, படுக்கையில் கிடத்துவது.

கடைசியில் கண் திறப்பு. கண்மணியைக் கடைசிவரை செதுக்காமலே வைத்திருப்பார்கள். திரை கட்டி, பொன் ஊசியால் கோடு கிழித்து, பிறகு உளியால் திறப்பார் ஸ்தபதி. திறந்த கண் முதலில் பார்க்கக் கண்ணாடி, கன்றோடு பசு, தானியக் குவியல், கன்னிப்பெண்கள். அதோடு ஸ்தபதியின் உரிமை முடிந்தது. பிரதிஷ்டை ஆனபிறகு அவர் கையாலேயே செய்த சிலையை அவர் தொட முடியாது.

ஆக உடைமை கைமாறுகிற நேரம் ஒன்று திட்டமாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. பாலாலயம் அதே கைமாற்றத்தின் பின்னோட்டம். திருப்பணிக்காக அந்தக் கல் கொஞ்ச நாள் மறுபடி ஸ்தபதி கைக்கு வருகிறது. வராவிட்டால் வேலையே நடக்காது. தொட முடியாத ஒன்றை எப்படிச் செப்பனிடுவது?

'பீடத்தைச் சுரண்டுகிறார்கள்' என்று கேள்வியில் இருந்தது. அது அஷ்டபந்தனம் எடுப்பது. சிலையையும் அதன் பீடமான ஆவுடையையும் இணைக்கும் மருந்து. எட்டுச் சரக்கு: கொம்பரக்கு, சுக்கான்தூள், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய். அளவு பரம்பரைக்குப் பரம்பரை மாறும், அதனால் இங்கே எழுதவில்லை. தூளாகிறவற்றை இடித்துச் சலித்து, மெழுகும் வெண்ணெயும் சேர்த்துக் கல்லுரலில் உலக்கை போடுவார்கள். இடிக்க இடிக்கத்தான் சூடு ஏறி இளகும். இளகிய சூட்டிலேயே திரி மாதிரி உருட்டி, இணைப்பில் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போக வேண்டும். ஆறினால் கல் மாதிரி இறுகிவிடும், பாதியில் நிறுத்தினால் அந்த இடத்தில் ஒட்டாது.

வெண்ணெய் கூடினால் மருந்து இறுகாமல் கசியும். குறைந்தால் நொறுங்கும். இடி போதாவிட்டால் கட்டி தட்டும், கட்டி இருக்கிற இடத்தில் வெடிப்பு வரும். பீடத்தில் ஈரம் இருந்தால் ஒட்டவே ஒட்டாது. அதனால்தான் பழைய மருந்தை எடுத்தபிறகு நன்றாகக் காயவிட வேண்டும். அவசரத்துக்கு வெள்ளை சிமெண்ட் வைத்துப் பூசுகிறவர்கள் இருக்கிறார்கள். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அதற்கு நெகிழ்வு கிடையாது, அடுத்த முறை எடுக்கும்போது கல்லையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு வரும். மருந்து விட்டுப்போனால் பாலும் தயிரும் எண்ணெயும் இடுக்கில் இறங்கி, அடியில் இருக்கிற யந்திரத் தகட்டை அரிக்கும், சிலை ஆடத் தொடங்கும். 12 வருடத்துக்கு ஒருமுறை என்பதற்குப் பின்னால் இந்தக் கணக்கும் உண்டு.

மீனாட்சிபட்டணம்

அத்தனை தூரம் போவானேன், வீட்டிலேயே இது தினமும் நடக்கிறதே. மஞ்சள் பொடியில் கொஞ்சம் நீர் விட்டு, இறுக்கமாகப் பிசைந்து, கூம்பாகப் பிடித்து, உச்சியில் ஒரு அருகம்புல். நீர் கூடினால் சரிந்துவிடும், குறைந்தால் வெடித்துவிடும். ஆவாகனம் செய்தால் பிள்ளையார். பூசை முடிந்து, 'உன் இடத்துக்குத் திரும்பு' என்று யதாஸ்தானம் சொல்லி வடக்காக ஒரு விரல்கடை நகர்த்தினால் மறுபடி மஞ்சள். மறுநாள் கரைத்துச் செடிக்கு ஊற்றிவிடுகிறோம். ஒருத்தரும் 'கடவுளைக் கரைத்துவிட்டோமே' என்று பதறுவதில்லை. எங்கள் வீட்டுப் பெண்களுக்கு இதில் தத்துவச் சிக்கலே வந்ததில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

விளாச்சேரிமண்

அக்கா சொன்னது சரி. மண்ணுல இன்னும் பெருசா இருக்கு அந்தக் கத.

அய்யனாருக்கு மண்குதிர செஞ்சு வைக்கிற புரவி எடுப்புன்னா மொதல்ல பிடிமண். ஊர்க்காரவுக தாம்பாளத்துல வெத்தல பாக்கு, பணத்தோட ஒரு பிடி மண்ண வேளார், அதான் குயவரு, கையில குடுக்கணும். அதக் குடுத்தாத்தான் குதிரைக்கு மண்ணு மிதிக்க ஆரம்பிக்கலாம். நெறைய ஊருல வேளாரேதான் பூசாரி. செய்றதும் அவரு, கும்பிடுறதும் அவரு. உளிச்சத்தம் அண்ணே சொன்ன மாதிரி ஸ்தபதி வெளியேறி அய்யர் உள்ள போற கத இங்க கெடையாது.

கண்மாய்க் களிமண்ணோட மணலு, உமி, நறுக்குன வைக்கோலு. மணலு பத்தலன்னா காயும்போது சுருங்கி வெடிக்கும், கூடிப்போச்சுன்னா கையில நிக்காது. மொதல்ல நாலு காலும் உருளையா நிக்கணும். அது கொஞ்சம் இறுகுனப்பெறகுதான் மேல வயிறு, அப்புறம் கழுத்து, தலை. ஒரே நாள்ல ஏத்துனா கீழ இருக்க காலு பாரந்தாங்காம பிதுங்கிரும். உள்ள பூரா கூடு. வயித்துக்கடியிலயும் வாயிலயும் தொளை விட்டே ஆகணும், சூளையில ஆவி வெளிய போக. உள்ள ஈரம் நின்னுச்சுன்னா வெடிச்சுப்போகும். வெயில்ல நேராக் காயவைக்கக் கூடாது, நெழல்லதான். சுண்ணாம்பு அடிச்சு வர்ணம் பூசி எல்லாம் முடிஞ்சாலும் கண்ணு மட்டும் அன்னைக்குத்தேன்.

தெற்குவெளி சார் கேள்விக்கு வாரேன். புரவிய ஊரே தூக்கிட்டுப்போய் கோயில்ல எறக்கிப் பூசை போட்டாச்சு. அடுத்த மழைக்கே காது ஒடையும், மறு வருசம் காலு போகும். யாரும் ஒட்டவைக்க மாட்டாக. மருந்து சாத்துறது, பாலாலயம் ஒண்ணும் கெடையாது. ஒடைஞ்சது பாட்டுக்குப் பக்கத்துல கெடக்கும், புதுசு வந்து நிக்கும். கல்லுக் கோயில்ல சாமி போய் வர வழி வேணும், ஏன்னா கல்லு அழியாது. மண்ணுக் கோயில்ல அந்த வழியே தேவையில்ல, உருவந்தேன் வருசா வருசம் போயிருதே.

இன்னொண்ணு. பொழைக்க வேற ஊருக்குப் போறவுக குலசாமி கோயில்லருந்து ஒரு பிடிமண்ணு கொண்டுபோய் அங்க வச்சுக் கும்பிடுவாக. பழைய எடத்துலருந்து சாமி கெளம்புச்சுன்னு யாருஞ்சொல்றதில்ல. இங்கயும் இருக்கும், அங்கயும் இருக்கும். இதுக்கு ஆகமத்துல என்ன பேரோ தெரியல.

தெற்குவெளிவீதி

பிடிமண் என் கேள்வியை இன்னும் கூர்மையாக்கிவிட்டது. ஆகமத்தில் எடுத்தால் இங்கே குறைகிறது, அதனால் கருவறையை மூடுகிறார்கள். பிடிமண்ணில் எடுத்தாலும் இங்கே குறைவதில்லை. இரண்டும் ஒரே கடவுளைப் பற்றிய பேச்சுத்தானா?

சித்தாந்தச்செல்வி

இங்கே ஒரு பாகுபாடு தேவை. சைவ சித்தாந்தம் இறைவனுக்கு இரண்டு இலக்கணம் சொல்கிறது. தன்னில் தானாக, எதையும் சாராமல் நிற்பது சொரூபம். உயிர்களைச் சார்ந்து, அவற்றுக்காகக் கொள்ளும் நிலை தடத்தம். பெயர், உருவம், தொழில், கோயில், கும்பம், கலைகள் எல்லாம் தடத்தத்தில் அடங்கும். கலாகர்ஷணத்தில் இடம் மாறுவது தடத்த நிலை. சொரூபத்துக்குப் போக்குவரவு இல்லை. ஆகையால் 'எங்கும் நிறைந்தவனை எப்படிக் கிளப்பினீர்கள்' என்பதற்கு விடை: கிளப்பவில்லை, நமக்காக அவன் ஏற்றுக்கொண்டிருந்த ஓரிடத்தை மாற்றிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டோம். பிடிமண்ணிலும் அதுவே. ஓரிடத்தில் விளங்கி நிற்பது மற்றோரிடத்தில் விளங்குவதற்குத் தடையல்ல.

சைவ சித்தாந்தத்தின் அடிப்படை நூலான சிவஞான போதத்தின் 12-ஆம் நூற்பா, அடியார் வேடத்தையும் ஆலயத்தையும் அரன் எனவே தொழச் சொல்கிறது. நூலின் முடிவில், முத்தி பெற்றவனுக்குச் சொன்ன விதி அது. கல்லென்று தெரியாதவனுக்குச் சொன்னதல்ல.

இருப்பைப் பற்றி மாறன் கேட்டதற்கு முதல் நூற்பாவிலேயே வாதம் உண்டு. அவன், அவள், அது என்று சுட்டப்படும் உலகம் தோன்றி நின்று ஒடுங்குகிறது. தோன்றி ஒடுங்குவது தானாகத் தோன்றாது. உரைகாரர்கள் இதற்கு மூன்று காரணம் பிரிப்பார்கள். குடத்துக்கு மண் முதற்காரணம், சக்கரமும் தண்டும் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். உலகுக்கு மாயை முதல், சத்தி துணை, சிவன் நிமித்தம். விளாச்சேரிமண் அவர்கள் எழுதிய மண்ணும் வேளாரும் அப்படியே இந்த 13-ஆம் நூற்றாண்டு வாதத்தின் உறுப்புகள்.

எண்பெருங்குன்றம்

அம்மா, அந்த வாதத்துக்குப் பதில் சொன்னவர்களும் மதுரையைச் சுற்றி இருந்தவர்கள்தான். கீழக்குயில்குடிக்குப் போனால் இரண்டையும் ஒருசேரப் பார்க்கலாம். அடிவாரத்தில் தாமரைக்குளம், ஆலமரம், குதிரைகளோடு அய்யனார் கோயில். மேலே சமணர்மலை. செட்டிப்புடவில் மகாவீரர், பேச்சிப்பள்ளத்தில் வரிசையாகச் சமண ஞானிகளான தீர்த்தங்கரர்கள், கீழே வட்டெழுத்தில் இன்னார் செய்வித்த திருமேனி என்ற குறிப்பு. படைத்தவன் என்று ஒருவனை ஏற்காத சமயம் அது.

அவர்களுடைய மறுப்பு எளிது. குயவனுக்குக் கை இருக்கிறது, உடம்பு இருக்கிறது. உலகைச் செய்தவனுக்கு உடம்பு உண்டா? உண்டென்றால் அந்த உடம்பும் தோன்றி ஒடுங்குவதுதானே, அதைச் செய்தது யார்? உடம்பில்லை என்றால் குயவன் என்ற எடுத்துக்காட்டு பொருந்தாது. இன்னொன்று: குயவன் பானை செய்வது விற்க. குறையில்லாதவன் எதற்காகச் செய்ய வேண்டும்?

சிலையைப் பற்றியும் அவர்கள் நிலை வேறு. சமணத்திலும் பிரதிஷ்டை உண்டு, கண் திறப்பும் உண்டு. ஆனால் தீர்த்தங்கரர் வந்து குடியேறுவதில்லை. வீடுபேறு அடைந்தவர் திரும்ப வர மாட்டார், வரம் தர மாட்டார், வேண்டுதலைக் கேட்கவும் மாட்டார். சிலை பார்ப்பவனுக்காக மட்டுமே. மாறன் சொன்ன 'அது நம்மைப் பற்றியது' என்பதை ஆயிரம் வருடம் முன்பே பாறையில் வெட்டி வைத்திருக்கிறார்கள், ஆனால் வழிபாட்டை விடாமல்.

சித்தாந்தச்செல்வி

உடம்பு கேள்விக்குச் சித்தாந்தம் தரும் விடை: அவன் கையால் செய்வதில்லை, சங்கற்பத்தால் சத்தியைக் கொண்டு செய்கிறான். எதற்காக என்றால் தனக்காக அல்ல, ஆணவத்தில் கட்டுண்ட உயிர்கள் வினையை நுகர்ந்து தீர்க்க உடலும் உலகும் வேண்டும் என்பதற்காக.

உண்மையான பிளவு வினையில் இருக்கிறது. வினை சடம், தன்னை யார் செய்தார், யாருக்குப் பலன் போக வேண்டும் என்று அதற்குத் தெரியாது, அறிவுள்ள ஒருவன் கூட்டிவைக்க வேண்டும் என்கிறோம் நாங்கள். இதை மறுத்தால் மட்டுமே சமண வாதம் நிற்கும்.

எண்பெருங்குன்றம்

மறுக்கத்தான் செய்கிறார்கள். சமணத்தில் வினையே நுண்ணிய புற்கலம், அதாவது சடப்பொருள். உயிரோடு ஒட்டும், பழுக்கும், உதிரும். பங்கிட்டுக் கொடுக்க ஆள் தேவையில்லை. நஞ்சு குடித்தவனைக் கொல்ல நஞ்சுக்கு அறிவு வேண்டுமா என்று கேட்பார்கள்.

சித்தாந்தச்செல்வி

நஞ்சு குடித்தவனை உடனே கொல்லும். போன பிறவியின் வினை இந்தப் பிறவியில், இந்த வீட்டில், இந்த நேரத்தில் வருவதற்குத்தான் அறிவு வேண்டும் என்பது. இந்த இடத்தில் இரு தரப்பும் பல நூற்றாண்டாக நின்றுகொண்டிருக்கிறார்கள், நாம் இன்று தீர்க்கப்போவதில்லை.

மட்டுறுத்துநர்

இதற்கிடையே வந்த நான்கு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். சமணர் கழுவேற்றம் பற்றித் தனி இழை இருக்கிறது, அங்கே போகவும். கட்சிப் பெயர்கள் வேண்டாம்.

கருப்பன்துணை

படிச்சவுக பேச்சுக்கு நடுவுல ஒரு வார்த்தை. சிலையில சாமி இருக்கா இல்லையான்னு கேக்குறீக. சிலையே இல்லாத எடத்துல?

அழகர்கோயில் பதினெட்டாம்படிக் கருப்பருக்கு உருவம் கெடையாது. பூட்டுன கதவுதேன் சாமி. சந்தனம் சாத்துறதும் மாலை போடுறதும் அந்தக் கதவுக்குத்தேன். அழகரே மருதைக்குக் கெளம்புறப்ப அங்க உத்தரவு வாங்கிட்டுத்தேன் படியெறங்குறாரு. கொடுக்கல் வாங்கல் தகராறுல அந்தப் படியில நின்னு சத்தியம் பண்ணுன்னு சொன்னா, போலீஸ் ஸ்டேஷன்ல அசராம நின்னவன் அங்க வர யோசிப்பான்.

உசிலம்பட்டிப் பக்கம் மாசிச் சிவராத்திரிக்குப் பெட்டி எடுப்பு. பாப்பாபட்டி ஒச்சாண்டம்மன் பெட்டி ஊரு பூரா நடந்து போகும். அந்த மாதிரிப் பெட்டியில சாமியோட துணிமணி, பூசைச் சாமான்தேன். அதத் தலையில வச்சவன் கால் தரையில பாவாது.

அப்புறம் ஆளு மேலயே வரும். உடுக்கை அடிச்சு வருந்திக் கூப்பிட்டு, வந்ததும் உடனே நம்பிற மாட்டாக. நீ எந்தச் சாமி, என்ன கொறைன்னு பெரியவுக கேப்பாக. பதில் சரியில்லன்னா 'இது சாமியில்ல, போதை'ன்னு துண்ணூறு போட்டு உக்கார வச்சிருவாக. வேல முடிஞ்சா சாமி மலையேறிரும். ஏறுனப்பெறகு அவன் பழைய ஆளு, கடையில கடன் கேட்டா குடுக்க மாட்டாக.

கல்லு, மண்ணு, கதவு, பெட்டி, ஆளு. எதுலயும் வரும், எதுலயும் நெரந்தரமா இருக்காது.

மேலூர்_மாறன்

கருப்பன்துணை அண்ணே, சோதித்துப் பார்க்கிறார்கள் என்று சொன்னீர்களே, அது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் சோதனை எதை அளக்கிறது? ஊருக்குத் தெரிந்த பதிலைச் சொன்னால் சாமி, தெரியாததைச் சொன்னால் போதை. கதவுக்கு முன்னால் சத்தியம் செய்யத் தயங்குவதும் கதவுக்குப் பின்னால் ஒருவர் இருப்பதற்குச் சான்றல்ல, பயத்துக்குச் சான்று. பயத்தால் பொய் குறைகிறது என்றால் நல்லதுதான். நல்லது என்பதற்காக உண்மை ஆகிவிடாது.

கருப்பன்துணை

தம்பி, ஊருக்குத் தெரிஞ்சதக் கேட்டு ஊரே நம்புதுன்னா அது ஊரு அப்பாவின்னு அர்த்தமில்ல. ஏமாத்துறவன வடிகட்டத்தேன் அந்தக் கேள்வி. சாமி உண்டுன்னு நிரூபிக்க இல்ல. அதுல ஊருக்கு மொதல்லருந்தே சந்தேகம் கெடையாது.

ஒத்தக்கடை_வக்கீல்

இருப்பு என்பதற்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது, யாரும் தொடவில்லை. நம் நீதிமன்றங்களில் சாமி வாதியாகவும் பிரதிவாதியாகவும் நிற்கிறார். கடவுள் உண்டா என்ற கேள்விக்குள் போகாமலே சட்டம் அவருக்கு ஆள்தன்மை கொடுத்திருக்கிறது.

1925-ல் மல்லிக் குடும்ப வழக்கில், அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில், பிரதிஷ்டை ஆன விக்கிரகம் வழக்குத் தொடரவும் தொடரப்படவும் உரிய சட்ட நபர் என்றது. அந்த வழக்கே சாமியை எந்த வீட்டில் வைத்துப் பூசை செய்வது என்ற இடமாற்றத் தகராறு. அதில் விக்கிரகத்தின் விருப்பத்தையும் கேட்க வேண்டும், அதற்காகச் சார்பில்லாத ஒருவரைப் பிரதிநிதியாகப் போட வேண்டும் என்றார்கள். 1969-ல் உச்ச நீதிமன்றம் வருமான வரிக்கும் சாமி ஒரு 'தனிநபர்' என்று தீர்த்தது. சொத்துப் பராமரிப்பில் அவரை மைனர் போல நடத்துவார்கள். நிர்வாகி தப்புச் செய்தால் சாமி நலனைப் பார்க்கும் கடமை கோர்ட்டுக்கு.

தெற்குவெளி சாருக்கு வேண்டியது இதில் உண்டு. சட்டப்படி அந்த நபர் கல் அல்ல. விக்கிரகம் உடைந்தாலும் காணாமல் போனாலும் அறக்கட்டளை முடிவதில்லை, புதிதாகப் பிரதிஷ்டை செய்யலாம், சொத்து அவருடையதாகவே இருக்கும். பத்தூர் நடராசர் வழக்கு நல்ல உதாரணம். தஞ்சைப் பக்கத்துக் கோயில், இடிந்து பூசையில்லாமல் கிடந்தது. மண்ணுக்குள்ளிருந்து எடுக்கப்பட்ட நடராசர் லண்டன் போய்விட்டார். கோயிலே வந்து உரிமை கேட்கலாம் என்று இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் 1991-ல் ஏற்றது, சிலை திரும்பி வந்தது. கூரையில்லை, பூசையில்லை, ஆனால் வழக்காட ஆள் இருந்தார். பாலாலயத்தில் கருவறை மூடியிருக்கிறது என்பதற்காக யாரும் கோயில் நிலத்துப் பட்டாவை மாற்றிவிட முடியாது.

மேலூர்_மாறன்

வக்கீல் சார், கம்பெனிக்கும் ஆள்தன்மை உண்டு. அதற்காகக் கம்பெனிக்குச் சூடம் காட்டுவதில்லை.

ஒத்தக்கடை_வக்கீல்

ஆயுதபூசை அன்றைக்கு வந்து பாருங்கள்.

ஆகமவாசகன்

சிரித்துவிட்டேன். விட்டுப்போன ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எல்லா மூலவருக்கும் ஒரே விதி என்று நினைத்துவிடக் கூடாது. திருப்பரங்குன்றத்தில் மூலவர் 8-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் குடைவரையில் மலையோடு சேர்ந்த புடைப்பு உருவம். பெயர்க்க முடியாது, அபிஷேகமும் அவருக்கு இல்லை, வேலுக்குத்தான். மீனாட்சி கோயிலில் சொக்கநாதர் சுயம்பு. ஸ்தபதி செய்யாத திருமேனிக்குக் கல் தேர்வும் நீரில் கிடத்துவதும் இல்லை. மனிதர் வைத்த திருமேனிக்குத்தான் வருகையும் போக்கும் இத்தனை சடங்காக இருக்கிறது. கேள்வி கேட்டவர் பொதுவாக 'கல்' என்று சொன்னதால் இதைச் சொல்கிறேன்.

தெற்குவெளிவீதி

எல்லாருக்கும் நன்றி. சொரூபம், தடத்தம் பாகுபாடு முதல் இரண்டு கேள்விக்குப் பதிலாக நிற்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே பாகுபாடு என் மூன்றாவது கேள்வியைக் கூர்மையாக்குகிறது. தடத்தம் முழுதும் நமக்காகத்தான் என்றால், பாலாலயத்தின்போது கதவிடுக்கு வழியாக அந்த மூலவரையே பார்த்துக் கும்பிடுகிறவருக்கு என்ன பதில்? அவருக்கு அங்கே விளங்கவில்லை என்று எந்த விதி சொல்லும்?

இன்னொன்று, வேலை முடிந்தபின் அந்த அத்திப்பலகை என்ன ஆகும்?

ஆகமவாசகன்

இரண்டாவதற்கு: கலைகள் மறுபடி கும்பத்துக்கும் மூலவருக்கும் வந்துவிட்டபிறகு பலகைக்குப் பூசை இல்லை. நீர்நிலையில் சேர்ப்பது வழக்கம். வீட்டுக்கு எடுத்துப்போய் வைத்துக்கொள்ள ஆள் வரும், கொடுக்க மாட்டார்கள்.

முதலாவதற்கு விதி எதுவும் தடுக்கவில்லை. அர்ச்சனைத் தட்டை மட்டும் பலகை இருக்கும் இடத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். மூடிய கருவறை வாசலில் கொடுத்தால் வாங்க அங்கே குருக்கள் இருக்க மாட்டார்.

விளாச்சேரிமண்

கதவிடுக்குல பாக்குறவரு அழகர்கோயிலுக்கு வந்தா கதவையே கும்பிடலாம்னு கருப்பன்துணை அண்ணே சொல்லிருவாரு. அது கெடக்கட்டும், செல்வி அக்காகிட்ட ஒரு கேள்வி: குயவரு நிமித்தகாரணம்னீக. எங்க பக்கம் குயவரு கையில பிடிமண்ணு குடுத்தாத்தான அவரு தொடங்குறாரு? அந்தப் பிடிமண்ணக் குடுக்குற ஊரு உங்க மூணு காரணத்துல எதுல வரும்?

சித்தாந்தச்செல்வி

உயிர்களின் வினைக்கு ஈடாக, அவற்றின் பொருட்டு அவன் தொழில் தொடங்குகிறான் என்பதால் ஊரை உயிர்களின் இடத்தில் வைக்கலாம் என்று தோன்றுகிறது. உரைகளில் இப்படி ஓர் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.